குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு எந்தப் பிராணி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் பிராணிகள் தத்தெடுப்பு முகாம்களில் சில ஆண்டுகளாக உதவி செய்து வருகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் ஒரு குழந்தை, அதன் கையைப் பிடித்தபடி ஒரு பெற்றோர். அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. நம் ஊர் வெயில், அடுக்குமாடி வீடு, காலை ஏழரைக்கு வரும் பள்ளி வேன் ஆகியவற்றை மனத்தில் வைத்து அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

மகனுக்கு எட்டு வயது. ஒரு வருடமாக நாய்க்குட்டி கேட்கிறான். "எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன்" என்கிறான். நம்பலாமா?

அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவனால் முடியாது. நாய் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் உயிர் வாழும். இன்று வாங்கும் குட்டி கிழடாகி மருந்து சாப்பிடும் நாளில் உங்கள் மகன் கல்லூரி விடுதியில் இருப்பான். குழந்தை கேட்கும், அப்பா வாங்கி வருவார், அம்மா பார்த்துக்கொள்வார், கடைசியில் மூட்டுவலியோடு பாட்டி படியிறங்கி நாயை வெளியே கூட்டிப் போவார். இதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அதனால் நான் முதலில் கேட்பது இனத்தையோ நிறத்தையோ பற்றி அல்ல. காலை ஐந்தரை முதல் ஏழரை வரை உங்கள் வீட்டில் யார் கை சும்மா இருக்கிறது? இட்லி வேகிறது, சீருடைக்கு இஸ்திரி போடவேண்டும், ஒரு காலுறையைக் காணவில்லை. அந்த நேரத்தில்தான் நாயும் வெளியே போகவேண்டும். வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலை அதன் பாதத்தைச் சுட்டுவிடும் என்பதால் தள்ளிப்போடவும் வழியில்லை.

ஒரு சோதனை சொல்கிறேன். மூன்று வாரம், வீட்டுப் பெரியவர் ஒருவர் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து இருபது நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வரட்டும். மாலையும் அப்படியே. மழை பெய்தாலும், ஊரிலிருந்து விருந்தினர் வந்தாலும் நிறுத்தக்கூடாது. மூன்றாவது வாரமும் நடை நிற்கவில்லை என்றால் நாயைப் பற்றிப் பேசலாம். நின்றுவிட்டால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பூனையும் மீனும் இருக்கின்றன.

குழந்தைக்கு எந்த வயது சரி?

ஆறு வயதுக்கு மேல் என்றால் எனக்கு நிம்மதி. அந்த வயதில்தான் "அதற்கு வலிக்கும்" என்பது மனத்தில் பதிகிறது. மூன்று வயதுக் குழந்தை வாலை இழுப்பது குறும்புக்காக அல்ல, வால் என்பது இழுக்கக்கூடிய பொருளாக அதற்குத் தெரிகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் புதிதாக நாய்க்குட்டியும் வந்தால் தாய்க்கு இரண்டு கைக்குழந்தைகள். ஏற்கெனவே நாய் இருக்கும் வீட்டில் குழந்தை பிறப்பது வேறு கதை. அதற்காக நாயை வெளியேற்றத் தேவையில்லை. பெரியவர் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் தனியே விடாமல் இருந்தால் போதும்.

அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்கலாமா? எந்த இனம்?

வளர்க்கலாம். பகல் முழுக்க வீட்டில் ஒருவராவது இருக்கவேண்டும் என்பதே முக்கியம். எட்டு மணி நேரம் பூட்டிய வீட்டில் தனியே கிடக்கும் குட்டி, சோபாவைக் கடித்துக் குதறுவது தவறே அல்ல.

லாப்ரடார் குழந்தைகளோடு நன்றாகப் பழகும் என்பது உண்மைதான். ஆனால் அது முப்பது கிலோவுக்கு மேலும் வளரும், முடி கொட்டும், எதைக் கொடுத்தாலும் தின்று பெருத்துப் போகும், இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு ஆளாகக்கூடிய இனம். ஒரு நாளைக்கு முந்நூற்றைம்பது கிராம் தீவனம் என்று வைத்தாலும் மாதம் பத்துக் கிலோ மூட்டை ஒன்று தீர்ந்துவிடும். கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

பக் நாய் ஒரு செல்போன் நிறுவன விளம்பரத்தால் நாடெங்கும் பிரபலமானது. மூக்கு சப்பையாக இருப்பதால் அதற்கு மூச்சு விடுவதே சிரமம். நாய் தன் உடல் சூட்டைத் தணிப்பது மூச்சிரைப்பின் மூலம்தான். அந்த வழியே குறுகலாக இருக்கும் பிராணி சித்திரை வெயிலில் என்ன செய்யும்? ஹஸ்கி பனிப்பிரதேசத்தில் வண்டி இழுக்கப் பிறந்தது. குளிர்சாதன அறையில் அதை அடைத்து வைத்துக்கொண்டு "எங்கள் நாய்க்கு ஒரு குறையும் இல்லை" என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இந்த இரண்டையும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நம் வீடுகளில் "பொமரேனியன்" என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனம். சின்ன வீட்டுக்கும் நம் வெயிலுக்கும் ஓரளவு பொருந்தும். குரைக்கும், சீண்டினால் வெடுக்கென்று கடிக்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீடு என்றால் சரி.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை நம் மண்ணின் பெருமை. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்திப் பிடிக்க வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். தோட்டமோ வயலோ உள்ளவர்களிடம் அவை சந்தோஷமாக ஓடித் திரியட்டும். மூன்றாவது மாடி பால்கனியில் நிற்கும் சிப்பிப்பாறையைப் பார்க்க என் மனம் தாங்கவில்லை.

அப்படியென்றால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

தெருவில் பிறந்த நம் நாட்டு நாய். ஒன்றரை, இரண்டு வயதானது, பெண் நாய், கருத்தடை செய்தது. இதைச் சொன்னதும் பல பெற்றோரின் முகம் சுருங்கும். காரணங்களைக் கேளுங்கள்.

இந்த வெயிலிலும் மழையிலும் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்த உடம்பு அது. உடல் நடுத்தர அளவு, முடி குட்டை, தீவனச் செலவு குறைவு. வளர்ந்த நாய் என்பதால் அதன் குணம் முன்பே தெரியும். குழந்தையைக் கண்டால் வாலாட்டி வருகிறதா, பின்வாங்கி உறுமுகிறதா என்பதை முகாமிலேயே நீங்கள் பார்த்துவிடலாம். எட்டு வாரக் குட்டியிடம் இதைக் கண்டுபிடிக்க முடியாது. குட்டி எப்படி வளரும் என்பது யாருக்கும் தெரியாது. அது முதல் ஆறு மாதம் பல் முளைக்கும் வேதனையில் கண்டதையெல்லாம் கடிக்கும். கூரான பால்பற்கள் பதிந்து அழும் குழந்தைகள்தான் "நாய் வேண்டாம்" என்று முதலில் சொல்வார்கள்.

விலை கொடுத்துத்தான் வாங்குவீர்கள் என்றால் ஒரு விதி: எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி தவறு. தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பிவிடுங்கள்.

எங்கள் குடியிருப்புச் சங்கம் நாய் கூடாது என்கிறது.

பிராணி வளர்ப்பதற்கு மொத்தமாகத் தடைவிதிக்கும் அதிகாரம் குடியிருப்போர் சங்கத்துக்கு இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டு நெறிகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாடகை வீட்டில் நிலைமை வேறு. ஒப்பந்தத்தில் உரிமையாளர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள், வாங்கும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய்க்கும் பூனைக்கும் உரிமம் கட்டாயம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், லிஃப்டில் நாயைக் கண்டு பயப்படும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்காக அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள்.

பூனை?

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு நாயைவிடப் பூனை எவ்வளவோ மேல். நடைக்குக் கூட்டிப் போகவேண்டாம். மணல் தட்டைப் பழக்கிக்கொள்ளும். பகலெல்லாம் தூங்கும். இரண்டு பூனையாக எடுத்தால் ஒன்றுக்கொன்று துணை.

குழந்தைக்கு ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: பூனை நம்மிடம் வரும்வரை நாம் காத்திருக்கவேண்டும். தூக்கி அணைத்துக்கொள்ளத் துடிக்கும் குழந்தைக்கு இது எளிதல்ல. கீறல்கள் விழுவதெல்லாம் அந்த அவசரத்தில்தான். குட்டிகளிடமிருந்து படர்தாமரை குழந்தைகளுக்கு எளிதில் தொற்றும் என்பதால், வீட்டுக்கு வருமுன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடியுங்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் தப்பிக்கும் என்பது வெறும் பேச்சு. நான்காவது மாடியிலிருந்து விழுந்து தாடை உடைந்த பூனையை நான் கையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுங்கள். ஜுரம் என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

எங்கள் வீடு சைவம். தயிர்சாதம் கொடுத்தே வளர்க்க முடியுமா?

நாயை, கவனத்தோடு, முடியும். அதற்கு வெறும் தயிர்சாதம் போதாது, புரதம் வேண்டும். சைவ நாய்த்தீவனங்கள் கிடைக்கின்றன. முட்டைக்கு வீட்டில் அனுமதி உண்டு என்றால் இன்னும் எளிது. மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

பூனையை முடியாது. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் கிடைக்கவேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் பழுதாகும். பால் மட்டும் குடித்து வளரும் பூனை கதைகளில்தான் இருக்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கையே தரும். வீட்டுக்குள் மீன் வாசம் வரக்கூடாது என்றால் பூனை வேண்டாம். அதன் இயல்பை மாற்ற நமக்கு உரிமையில்லை.

முயல் சாதுவானதுதானே? சின்னக் குழந்தைக்கு ஏற்றதில்லையா?

சாது என்பதாலேயே ஏற்றதில்லை. முயலைத் தூக்கினால் கழுகு தூக்குவதாக அது நினைத்துக்கொள்கிறது. பயந்து பின்னங்காலால் உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறிந்துபோகலாம். ஐந்து வயதுக் குழந்தையின் கையில் முயலைக் கொடுத்துப் படம் எடுப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

என் மகள் ஏழு வயதில் கேட்டாள் என்று ஒரு முயல் வாங்கினோம். மே மாதம், மதியம் மின்சாரம் போயிற்று. வீட்டில் யாரும் இல்லை. மாலை நாங்கள் திரும்பியபோது கூண்டில் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. முயலுக்கு வியர்க்காது, காதுகள் வழியாகத்தான் சூடு வெளியேறும், முப்பது டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து என்பதையெல்லாம் அதன் பிறகுதான் படித்தேன். வாங்கும் முன் படித்திருக்கவேண்டும். என் மகள் அன்று கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். கேரட் அல்ல, பச்சைப் புல்லும் உலர்ந்த புல்லும்தான் அதன் பிரதான உணவு. பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் மெல்லுவதற்கு நார் வேண்டும்.

பச்சைக்கிளி? நட்சத்திர ஆமை?

இரண்டும் குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகள், மைனா, சில்லை போன்ற காட்டுப் பறவைகளைப் பிடிக்கவும் விற்கவும் கூண்டில் வைக்கவும் தடை செய்கிறது. கிளி ஜோசியக்காரரிடம் இருக்கிறதே என்பார்கள். அதுவும் சட்டவிரோதம்தான். நட்சத்திர ஆமை உலக அளவில் வணிகம் தடை செய்யப்பட்ட உயிரினம். வீட்டில் வைத்தால் செல்வம் வரும் என்று நம்பி வாங்குபவர்களால் காடு காலியாகிக்கொண்டிருக்கிறது.

கடைகளில் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக விற்கும் சிவப்புக் காது ஆமை அமெரிக்காவிலிருந்து வந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், இருபது ஆண்டுக்கு மேல் வாழும். சலித்துப்போய்க் கோயில் குளத்தில் விட்டால் அங்குள்ள நம் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியையும் சுமக்கக்கூடியது என்பதால் சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகாது.

பறவைதான் வேண்டும் என்றால் நாம் "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்லும் பட்ஜரிகர் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பறவை, சட்டச் சிக்கல் இல்லை. ஜோடியாக, சிறகை விரித்துப் பறக்குமளவு நீளமான கூண்டில் வையுங்கள். எனக்குக் கூண்டுப் பறவையில் மனம் ஒப்புவதில்லை. மொட்டை மாடியில் ஒரு சட்டி தண்ணீரும் கொஞ்சம் கம்பும் வைத்தால் தவிட்டுக்குருவியும் அணிலும் தானே வரும். இரண்டு வயதுக் குழந்தை அதை ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

மீன் தொட்டிதான் எளிது இல்லையா?

எளிதுதான், தொடங்கும் விதம் சரியாக இருந்தால். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றைத் தங்கமீன் என்பது சித்திரவதை. தங்கமீன் ஒரு சாணைத் தாண்டி வளரும், பத்தாண்டு வாழும், கழிவும் அதிகம்.

நாற்பது லிட்டர் தொட்டி, வடிகட்டி, சில நீர்த்தாவரங்கள், ஆறு கப்பி மீன்கள். இதுவே என் சிபாரிசு. கொசுப் புழுவைத் தின்பதற்காகக் கிணறுகளில் விடுகிறார்களே, அதே கப்பிதான். நம் வெப்பத்துக்குச் சூடேற்றியும் வேண்டாம். ஏறக்குறைய மாதம் ஒருமுறை குஞ்சு போடும். அந்தக் காலையில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

தொட்டி வாங்கிய அன்றே மீனை விடாதீர்கள். மீன் கழிவில் உண்டாகும் அமோனியாவை நஞ்சில்லாத பொருளாக மாற்றும் நுண்ணுயிரிகள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். "வாங்கி ஒரு வாரத்தில் எல்லாம் செத்துவிட்டது" என்பதற்கு இதுவே காரணம், ராசி அல்ல. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். கேன் தண்ணீர் ஊற்றாதீர்கள். தாதுக்கள் நீங்கிய நீர் கப்பிக்கு ஒத்துவராது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். சென்னைக்காரர்கள் கொளத்தூர் மீன் கடைகளுக்குக் குழந்தையையும் கூட்டிப் போகலாம், ஆனால் முதல் முறை பார்க்க மட்டும்.

பள்ளி வாசலில் விற்கும் கலர் கோழிக்குஞ்சு?

வேண்டாம். முட்டையிடாது என்று பண்ணைகளில் ஒதுக்கப்படும் சேவல் குஞ்சுகளைச் சாயத்தில் முக்கி எடுத்து விற்கிறார்கள். தாயின் சூடு இல்லாமல் பெரும்பாலானவை சில நாளில் இறந்துவிடும். ஒரு குழந்தை முதன்முதலாக வளர்க்கும் உயிர் மூன்றாம் நாள் அட்டைப்பெட்டியில் விறைத்துக் கிடக்கக்கூடாது.

மகளுக்கு ஆஸ்துமா. முடி கொட்டாத நாய் இருக்கிறதாமே?

ஒவ்வாமை முடியால் வருவதல்ல. தோல் செதிலிலும் எச்சிலிலும் உள்ள புரதமே காரணம். அது எல்லா நாயிடமும் பூனையிடமும் உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள். பிராணி உள்ள உறவினர் வீட்டில் பல நாள் சில மணி நேரம் மகளை இருக்கவிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மீன்.

கர்ப்பமாக இருக்கிறேன். பூனையை அனுப்பிவிடவேண்டுமா?

தேவையில்லை. பூனையின் மலத்திலிருந்து பரவக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி, வெளியேறி ஒரு நாளுக்குப் பிறகே தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யவேண்டும், அதை வீட்டில் வேறொருவர் செய்யவேண்டும்.

கடித்துவிட்டால்?

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கடியோ, ரத்தம் வராத சிறு கீறலோ, சொந்த நாயோ தெரு நாயோ, உடனே குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. கட்டுப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் காயத்திலேயே போடுவார்கள். ஒரு தவணையையும் விடக்கூடாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற வழி கிடையாது என்றே சொல்லவேண்டும்.

பிள்ளைகள் கடியை மறைப்பார்கள். அம்மா அடிப்பாள், நாயை அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஆகவே நாய் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "கடித்தாலும் கீறினாலும் வந்து சொல், உன்னையும் திட்டமாட்டோம், நாயையும் திட்டமாட்டோம்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

கடிக்காமல் இருக்கக் குழந்தைக்கு என்ன கற்றுக்கொடுப்பது?

சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகாதே. கழுத்தைக் கட்டிப்பிடிக்காதே. அது எழுந்து போனால் பின்னாலேயே போகாதே. கூடத்தின் ஒரு மூலையில் அதற்கென்று ஒரு சாக்கு விரித்து, அங்கே போய்விட்டால் யாரும் தொடக்கூடாது என்று வையுங்கள்.

பெரியவர்கள் கவனிக்கவேண்டியவை: தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, உடல் விறைப்பது. "போதும்" என்று அது சொல்லும் விதம் இவை. உறுமினால் அடிக்காதீர்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

தடுப்பூசி எப்போது?

நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு சில வார இடைவெளியில் அடுத்தவை, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும். பார்வோ என்ற ரத்த வயிற்றுப்போக்கு நோய் நம் ஊரில் எண்ணற்ற குட்டிகளைக் கொல்கிறது. ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள். குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் தவறக்கூடாது. உண்ணிக் காய்ச்சல் நல்ல நாயையும் சாய்த்துவிடும். நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், அதில் சில வகை பூனைக்கு நஞ்சு. செலவுக்கு அஞ்சுபவர்களுக்குச் சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

எதைத் தரக்கூடாது?

சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, வேகவைத்த கோழி எலும்பு. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் இதில் சேரும். பள்ளிவிட்டு வரும் பிள்ளை அன்பாகக் கொடுப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருப்பதைத்தான். குளிர்பதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

எல்லாம் செய்தும் ஒத்துவரவில்லை என்றால்?

திருப்பிக் கொடுங்கள், தாமதிக்காமல். தத்தெடுத்த இடத்துக்கே முதலில் சொல்லுங்கள். எங்களிடம் திரும்ப வந்த நாய்களில் பல, அடுத்த வீட்டில் நன்றாகப் பொருந்தியிருக்கின்றன. முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் ராஜாவாக வாழும் ஒரு நாய், குழந்தைகளின் சத்தத்தைத் தாங்க முடியாமல் எங்களிடம் திரும்பி வந்ததுதான்.

காரில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே இறக்கிவிடாதீர்கள். 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் சாப்பாடு தேடத் தெரியாது, மற்ற நாய்களின் எல்லை தெரியாது. இறக்கிவிட்ட இடத்திலேயே வண்டி வந்த திசையைப் பார்த்து நாட்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்திருந்தவற்றைத் தூக்கி வந்திருக்கிறோம். குழந்தையிடமும் உண்மையைச் சொல்லுங்கள்: நம்மால் பார்த்துக்கொள்ள முடியவில்லை, பார்த்துக்கொள்ளக்கூடிய வீட்டுக்கு அனுப்புகிறோம். முடிந்தால் அந்த வீட்டுக்குக் குழந்தையை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.